மத்திய சர்க்காருக்குட்பட்ட தொழில்களும் குறைந்தபட்சக் கூலியும்

சந்தைக்கு வரும் பொருள்களுள் மனிதனுடைய உழைப்பு ஒன்றே அடுத்த நாளைக்கென்று சேமித்து வைத்தற்கு இயலாதது. நெல்லையுடையவன் விலை தாழ்ந்த காலத்தில் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டு நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். நெசவாளி நெய்த சேலையை மடித்து வைக்கலாம். கூலியாளோ இன்று விலைபோகாத உழைப்பை நாளைக்கு எடுத்து வைக்க மாட்டான். இன்று மாலை அவன் வீட்டில் உலை ஏறியாக வேண்டும். ஆதலின் கூலி கொடுப்போனும் வாங்குவோனும் ஒத்த நிலையில் நின்று பேரம் பேசுகின்றனர் என்று கூறுதல் ஒருபோதும் பொருந்தாது. ஒருவனுக்குக் காத்திருக்க வசதி உண்டு. மற்றவனுக்குப் பசி உண்டு. இவ்வேற்றுமையை உணர்ந்தே, இதற்குக் கீழே ஒருவனும் கூலி கொடுக்கலாகாது என்று ஓர் எல்லையைச் சட்டம் வகுத்தது. அவ்வெல்லையே குறைந்தபட்சக் கூலி எனப்படும்.

இக்கூலியைப்பற்றிப் பொதுவாக அறிந்தோர் பலர். ஆயினும் நம் நாட்டில் இவ்வெல்லை ஒன்றன்று. மாநில சர்க்கார் வகுப்பது ஒன்று, மத்திய சர்க்கார் வகுப்பது மற்றொன்று என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அறியாமையால் வரும் நஷ்டமோ அறியாதவனுடைய வயிற்றையே சாருகின்றது. ஆகவே மத்திய சர்க்காருக்குட்பட்ட தொழில்களில் இக்கூலி எங்ஙனம் கணக்கிடப்படுகின்றது, யாருக்கு உரியது, எவ்வழியாக ஒழுகிப்போகின்றது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

எத்தொழில்கள் மத்திய சர்க்காருக்குரியன?

இரயில் பாதை ஒரு மாநிலத்தில் தொடங்கி மற்றொரு மாநிலத்தில் முடிகின்றது. பெரிய துறைமுகத்தில் இறங்கும் சரக்கு நாடெங்கும் செல்லுகின்றது. நிலத்தினடியிற் கிடக்கும் நிலக்கரியும் எண்ணெயும் நாட்டின் பொதுப் பொருளாக மதிக்கப்படுகின்றன. இத்தகைய தொழில்களை அந்தந்த மாநிலத்தின் கையில் விடாது, மத்திய சர்க்காரே மேற்பார்த்தல் தகும் என்பது நம் அரசியலமைப்பின் கருத்து. அதனையொட்டியே 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இரயில்வே, சுரங்கம், எண்ணெய் வயல், பெரிய துறைமுகம், மத்திய சட்டத்தால் அமைந்த கார்ப்பொரேஷன், மத்திய சர்க்கார் தாமே நடத்தும் தொழில் ஆகியவற்றிற்கு மத்திய சர்க்காரே கூலி விகிதம் நிர்ணயிக்க வேண்டும் என்று விதித்தது. 2019-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கூலித் தொகுப்புச் சட்டம் இவ்வரிசையில் விமானப் போக்குவரத்து, தந்தி தொலைபேசித் தொடர்பு, பாங்கி, இன்ஷியூரன்ஸ், மத்திய சர்க்காரின் பொதுத்துறைக் கம்பெனிகள் என்பவற்றையும் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டது. இதர தொழில்களுக்கெல்லாம் மாநில சர்க்காரே அதிகாரி.

நம் பக்கத்து இடங்களையே எடுத்துக்கொள்வோம். சென்னை, எண்ணூர், தூத்துக்குடி ஆகிய மூன்றும் பெரிய துறைமுகங்கள். நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரி தோண்டப்படுகின்றது. சேலத்தில் மாக்னசைட்டுச் சுரங்கங்களும் அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கற்சுரங்கங்களும் உள்ளன. இவற்றிற் பணிபுரிவோர் யாவரும், சுரங்கத்தின் சொந்தக்காரர் தனி மனிதரேயாயினும், கூலி விஷயத்தில் மத்திய சர்க்காரின் விகிதத்திற்கே உரியவர். இரயில் நிலையத்துக்கு வெளியே சிற்றுண்டிச் சாலையில் மேசை துடைப்போனுக்கு மாநிலத்தின் விகிதம். உள்ளே மேடையைப் பெருக்குவோனுக்கு மத்திய விகிதம். இருவர்க்குமிடையே நிற்பது ஒரு மதிற்சுவரே.

ஈண்டுக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. அம்மேடையைப் பெருக்குவோன் பெரும்பாலும் இரயில்வேயின் நேரடி ஊழியன் அல்லன். காண்ட்ராக்டர் ஒருவர் அமர்த்திய ஆள். அவனுக்குச் சம்பளம் கொடுப்பவர் தனி மனிதர். அவருடைய ஆபீஸோ நகரத்தின் ஏதோ ஒரு சந்தில் இருக்கின்றது. ஆதலால் தான் தனியாரிடம் வேலை செய்வதாகவே அவன் எண்ணிக்கொள்ளுகின்றான். சட்டம் அங்ஙனம் கருதவில்லை. வேலை எத்தொழிலுக்காக நடைபெறுகின்றதோ அத்தொழிலையே அது நோக்குகின்றது. மத்திய சர்க்காருக்குரிய தொழிலுக்காகக் காண்ட்ராக்டர் நடத்தும் அமைப்பும் மத்திய சர்க்காருக்கே உட்பட்டது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஐயத்திற்கிடமின்றிக் கூறுகின்றது.

சட்டம் வந்த வரலாறு

1928-ஆம் ஆண்டில் ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு, கூலி மிகத் தாழ்ந்த தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க ஒவ்வொரு நாட்டிலும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்று உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றிற்று. நம் நாட்டுத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை வெளியிட்ட விட்லி கமிஷனும் இவ்விஷயத்தை எடுத்துப் பேசியது. ஆயினும் பதினைந்து ஆண்டுகள் சென்ற பின்னரே, டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் இலாகாவின் பொறுப்பை வகித்த காலத்தில், 1946 ஏப்ரல் மாதத்தில் இதற்கான மசோதா மத்திய சட்டசபைக்கு வந்தது. அது சட்டமாகி 1948 மார்ச்சு 15-இல் அமலுக்கு வந்தது. சுதந்திர இந்தியா இயற்றிய முதற் சட்டங்களுள் அது ஒன்றென்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அதே ஆண்டில் நியமிக்கப்பெற்ற நியாயக் கூலிக் கமிட்டி, கூலியை மூன்று படிகளாக வகுத்துக் காட்டியது. கீழ்ப்படி குறைந்தபட்சக் கூலி. உயிரைத் தாங்குவதோடு நில்லாது, வேலைத்திறன் குன்றாதிருத்தற்கு வேண்டிய ஓரளவு கல்வி, மருத்துவம், வசதி ஆகியவற்றிற்கும் அது இடந்தர வேண்டும். மேற்படி வாழ்க்கைக் கூலி. நாகரிக மனிதனுக்குரிய வாழ்வையும் முதுமைக்குரிய பாதுகாப்பையும் அது தரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது நியாயக் கூலி. தொழிலின் சக்திக்கேற்ப அது ஏறவும் இறங்கவும் கூடும். கீழ்ப்படி மட்டும் தொழிலின் சக்தியைப் பொறுத்ததன்று. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நலம். பின்னர் எழுந்த வழக்குகளெல்லாம் இதன்மேலேயே எழுந்தன.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு ஒரு பெருங்குறை இருந்தது. அட்டவணையிற் பெயர் குறிக்கப்பட்ட தொழில்களுக்கு மட்டுமே அது செல்லும். பட்டியலில் இல்லாத தொழிலாளிக்கு அது வெறும் காகிதமே. 2019-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் இவ்வட்டவணையை நீக்கி, எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலி உரியது என்று விதித்தது. அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வரவே, பழைய சட்டம் எழுபத்தேழு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றது.

கூலியின் கணக்கு

குறைந்தபட்சக் கூலி இன்ன தொகை என்று எதனைக்கொண்டு சொல்வது? 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு விடை கூறவில்லை. 1957-ஆம் ஆண்டில் புதுடில்லியிற் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மகாநாடு, சர்க்கார், முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்திறத்தாரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவுகோலை வகுத்துத் தந்தது. அதன் உறுப்புகள் ஐந்து.

முதலாவது, சம்பாதிப்பவன் ஒருவனுடைய கூலி மூன்று அலகு கொண்ட குடும்பத்தைத் தாங்க வேண்டும். ஆடவன் ஒன்று, மனைவி பத்தில் எட்டு, சிறுவர் இருவர் தலைக்குப் பத்தில் ஆறு என்று கூட்டினால் மூன்று வரும். பெண்டிர், பிள்ளைகள் ஈட்டுவதைக் கணக்கிற் சேர்த்தலாகாது.

இரண்டாவது, வளர்ந்த மனிதன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 2,700 காலரி தரும் உணவு வேண்டும். இவ்வளவு டாக்டர் அய்க்ராய்டு என்பவரின் சிபாரிசையொட்டியது. அவர் நம் நீலகிரி மலையிலே, குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்து, இந்திய உணவுகளின் சத்தையெல்லாம் ஆராய்ந்தவர். நாடு முழுவதுமுள்ள கூலியாளின் கணக்குக்குக் குன்னூரில் நடந்த ஆராய்ச்சி அடிப்படையாயிற்று என்பது நமக்குப் பெருமை தருவது.

மூன்றாவது, ஆள் ஒன்றுக்கு ஆண்டில் 18 கஜம் வீதம் நால்வர்க்கு 72 கஜம் துணி. நான்காவது, தொழிலாளர் வீட்டுத் திட்டத்தின்கீழ் மிகச் சிறிய வீட்டிற்கு சர்க்கார் வாங்கும் வாடகை. ஐந்தாவது, விறகு, விளக்கு முதலிய சில்லறைச் செலவுகளுக்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு இருபது.

இக்கணக்கில் அரிசியும் துணியும் விறகும் இருந்தனவே ஒழிய, பிள்ளையின் பாடப்புத்தகம் இல்லை; காய்ச்சலுக்கு மருந்து இல்லை; பொங்கலுக்கு ஒரு காசு இல்லை. இக்குறையை நிறைவு செய்தது சென்னையில் எழுந்த ஒரு வழக்கு. ரெப்டகாஸ் பிரெட் என்னும் மருந்துக் கம்பெனிக்கும் அதன் தொழிலாளருக்கும் பஞ்சப்படியைப்பற்றி நிகழ்ந்த தகராறு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1991-இல் அளித்த தீர்ப்பில் அக்கோர்ட்டு, பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை முதலிய சிறு இன்பங்கள், முதுமை, விவாகம் என்பவற்றிற்காக ஆறாவது உறுப்பு ஒன்றைச் சேர்த்து, அதற்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு இருபத்தைந்து ஒதுக்க வேண்டும் என்றது. 2020-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட வரைவு விதிகளிலும் இவ்வளவுகளே பெரும்பாலும் இடம்பெற்றன. 72 கஜம் என்பது 66 மீட்டர் என்றாயிற்று. அளவுகோல் மாறியதேயன்றித் துணி மாறவில்லை.

அடிப்படையும் பஞ்சப்படியும்

தொகையை ஒருமுறை நிர்ணயித்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. விலைவாசி ஏறிக்கொண்டே செல்ல, கூலி நின்ற இடத்திலேயே நிற்குமாயின், சட்டத்தை ஒருவரும் மீறாமலே தொழிலாளியின் தட்டிலுள்ள சோறு ஆண்டுதோறும் குறைந்துவிடும். இதனைத் தடுத்தற்காகவே மத்திய விகிதம் அடிப்படைக் கூலி, மாறும் பஞ்சப்படி என்னும் இரு பகுதிகளாக அமைந்துள்ளது. அடிப்படையை ஐந்தாண்டுக்கு மேற்படாமல் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பஞ்சப்படியோ தொழிலாளர் வாங்கும் பண்டங்களின் விலைக்குறியீட்டு எண்ணையொட்டி, ஏப்ரல் முதல் தேதியிலும் அக்டோபர் முதல் தேதியிலுமாக ஆண்டுக்கு இருமுறை மாறி வந்துள்ளது.

ஓர் உதாரணத்தால் இது தெளிவாகும். 2017-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் பெருக்குதல், சுத்தம் செய்தல் ஆகிய வேலைகளுக்கு நாளொன்றுக்கு அடிப்படைக் கூலியாக ஏ வட்டாரத்தில் 523 ரூபாயும், பி வட்டாரத்தில் 437 ரூபாயும், ஸி வட்டாரத்தில் 350 ரூபாயும் நிர்ணயித்தது. சென்னை போன்ற மாநகரங்கள் ஏ வட்டாரத்தைச் சேர்ந்தவை. மதுரை, கோயம்புத்தூர் போன்றவை பி. பெயர் குறிக்கப்படாத ஊர்களெல்லாம் ஸி. 2024 அக்டோபர் முதல் தேதியில் ஏ வட்டாரத்தில் அதே வேலைக்குரிய தொகை 783 ரூபாயாயிற்று. 523 அடிப்படை, எஞ்சிய 260 பஞ்சப்படி. ஏழு ஆண்டுகளில் அடிப்படை ஒரு காசும் அசையவில்லை. பஞ்சப்படி மட்டும் வளர்ந்து அடிப்படையிற் பாதியை எட்டிவிட்டது. பஞ்சப்படி என்னும் இவ்வேற்பாடு இல்லாதிருந்தால் அத்தொழிலாளி 2024-இலும் 2017-இன் கூலிக்கே கைநீட்டி நின்றிருப்பான். அதே தேதியில் ஓரளவு தேர்ச்சியுடையோனுக்கு 868 ரூபாயும், தேர்ச்சியுடையோனுக்கும் குமாஸ்தாவுக்கும் 954 ரூபாயும், மிகு தேர்ச்சியுடையோனுக்கு 1,035 ரூபாயும் ஏ வட்டாரத்தின் விகிதங்களாயின. மாதத்திற்கு இருபத்தாறு வேலை நாள் என்று கொண்டால், பெருக்குவோனுக்கு 20,358 ரூபாய் வருகின்றது.

சுரங்கங்களில் ஊர்வாரியான வட்டாரப் பிரிவு இல்லை. தரையின் மேலா கீழா என்பதே கேள்வி. 2017-இன் விகிதப்படி தேர்ச்சியற்ற ஆளுக்குத் தரைக்கு மேல் 350 ரூபாய், தரைக்குக் கீழ் 437 ரூபாய். இருளுக்கும் புழுக்கத்திற்கும் தலைமேற் கவிந்த பாறைக்கும் சட்டம் வைத்த விலை நாளொன்றுக்கு 87 ரூபாய் என்று இதனைச் சொல்லலாம். அது போதுமா என்பதை ஒருமுறையேனும் சுரங்கத்தினுள் இறங்கினோர் முடிவு செய்க.

கொடுக்க இயலாத முதலாளி

இத்துணைக் கணக்கிட்டு எல்லை வகுத்தும், ஒரு கேள்வி எழாமலில்லை. அவ்வளவு கூலி கொடுத்தால் தொழிலையே மூட வேண்டியதாகும் என்று முதலாளி உண்மையாகவே சொல்வாராயின் யாது செய்வது? வேலை அடியோடு போவதைக் காட்டிலும் குறைந்த கூலியேனும் மேலன்றோ?

இக்கேள்வி அஜ்மீரிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அக்காலத்தில் அஜ்மீர் மத்திய சர்க்காரின் நேரான ஆட்சியிலிருந்தது. ஆங்கு நெசவுத் தொழிலாளருக்கு மாதம் 56 ரூபாய் குறைந்தபட்சக் கூலியாக நிர்ணயிக்கப்பட்டது. பிஜய் காட்டன் மில்ஸ் என்னும் ஆலையினர் அதனைக் கொடுக்கத் தம்மால் ஆகாது என்று ஆலையை மூடினர். வேலையிழந்தோருட் பலர் தாம் 35 ரூபாய்க்கே வேலை செய்யச் சம்மதம் என்று முன்வந்தனர். வாங்குவோனும் கொடுப்போனும் உடன்பட்டபோது சட்டம் குறுக்கே நிற்பது தொழில் நடத்தும் சுதந்தரத்திற்கு விரோதம் என்பது ஆலையின் வாதம்.

1954-இல் அக்கோர்ட்டு இவ்வாதத்தை ஏற்கவில்லை. பசியினால் தரும் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ளுதல், தொழிலாளியின் நெருக்கடியையே முதலாளியின் இலாபமாக்கிவிடும்; பொதுநன்மைக்காக ஒப்பந்தச் சுதந்தரத்தை ஓரளவு கட்டுப்படுத்துதல் நியாயமே என்பது தீர்ப்பின் சாரம். 1961-இல் கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலைகளின் வழக்கிலும், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது முதலாளியின் சக்தியை அளந்து பார்க்க வேண்டுவதில்லை என்று அக்கோர்ட்டு உறுதி செய்தது. ஒருவன் 35 ரூபாய்க்கு இசைந்தால் அடுத்தவன் 30 ரூபாய்க்கு இசைவான்; அவனுக்குப் பின்னால் நிற்பவன் 25-க்கும் இசைவான். இவ்விறக்கத்திற்கு ஓரிடத்தில் தடையிடாவிட்டால் அது நிற்கும் இடம் பட்டினியே.

நிற்க. வேலைவாய்ப்புக் குறையும் என்னும் அச்சம் முற்றும் வீண் என்றும் நாம் சொல்லவில்லை. சிறு முதலாளி நடத்தும் நலிந்த தொழிலில் அது உண்மையாகவும் கூடும். ஆனால் இரயில்வே, துறைமுகம், பாங்கி, எண்ணெய்க் கம்பெனி என்பன அத்தகையன அல்ல. இவற்றின் வேலையைச் செய்வோனுக்கு எல்லைக் கூலி கொடுத்தால் தொழில் மூழ்கிவிடும் என்று கூறுவோரை நம்புதல் அரிது.

கூலி ஒழுகும் வழி

அங்ஙனமாயின் கூலி ஏன் முழுமையாகக் கைக்கு வருவதில்லை? பெரிய தொழில் கொடுக்கும் தொகைக்கும் தொழிலாளியின் கைக்கும் இடையே பல கைகள் உள்ளன. டில்லியில் 1982-ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டடங்கள் எழுப்பியபோது நடந்தது இதற்குப் பெயர்பெற்ற சான்று. அப்போது குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. காண்ட்ராக்டர்கள் அதனை ஆள் கொண்டுவரும் ஜமேதார்களிடம் கொடுத்தனர். ஜமேதார்கள் தம் கமிஷனாக ஆளுக்கு ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசே தொழிலாளிக்குக் கொடுத்தனர். ஏட்டில் சட்டம் நிறைவேறியது, கையில் நிறைவேறவில்லை.

மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கத்தார் இதனைக் கடித மூலம் சுப்ரீம் கோர்ட்டுக்குத் தெரிவிக்க, அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு நம் நாட்டுச் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடுக்கின்றது. கட்டாயம் என்பது சாட்டையாலும் விலங்காலும் வருவது மட்டுமன்று. வேறு வழியின்மையும் பசியும் ஒருவனைக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை செய்யத் தள்ளுமாயின் அதுவும் கட்டாயமே என்று அத்தீர்ப்பு கூறியது. ஆகவே இக்கூலியைக் குறைத்துக் கொடுத்தல் கணக்குப் பிழை என்னும் நிலையிலிருந்து, அடிப்படை உரிமையைப் பறித்தல் என்னும் நிலைக்கு உயர்ந்துவிட்டது. காண்ட்ராக்டர் செய்த தவற்றுக்கு வேலையைக் கொடுத்த சர்க்காரும் பொறுப்பு என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

இன்றைய சட்டத்தில் பரிகாரங்கள் பல உள. காண்ட்ராக்டர் கூலியைக் கொடாவிட்டால் வேலையின் உரிமையாளரான நிறுவனமே கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டு அளித்தல் கடமை. மிகுநேர வேலைக்கு இரட்டைக் கூலி உண்டு. குறைத்துக் கொடுத்தவருக்கு ஐம்பதினாயிரம் ரூபாய் வரை அபராதம். ஐந்தாண்டுக்குள் மறுமுறையும் அதே குற்றம் செய்தால் மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையும் கூடும். பழைய சட்டப்படி ஆறு மாதத்திற்குள் முறையிட வேண்டும் என்றிருந்த தவணை மூன்று ஆண்டாக நீண்டுள்ளது. குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை நஷ்டஈடும் வாங்கித்தர அதிகாரிக்கு உரிமையுண்டு. எல்லாவற்றினும் மேலாக, கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியைச் சார்ந்தது. கொடுக்கவில்லை என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டுவதில்லை. இம்முறையீடுகளைக் கவனிக்க மத்திய சர்க்காரின் தலைமைத் தொழிலாளர் கமிஷனருக்குட்பட்ட அதிகாரிகள் சென்னையிலும் உள்ளனர்.

சென்னையில் 783 ரூபாய்க்குரியவனுக்கு ஒருவர் 600 ரூபாயே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு 183 ரூபாய் குறைவு, மாதத்திற்கு 4,758, ஆண்டுக்கு 57,096. ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவு இதிலே அடங்கிவிடக்கூடும். இத்தனை பரிகாரங்களும் அவனுக்குக் கிட்டாமற் போவது ஒரே காரணத்தால்தான். 600 ரூபாய் குறைவானது என்பதை அவன் அறியான். அறிந்தாலும் மாநில அதிகாரியிடம் சென்று, இது எங்கள் அதிகாரத்திற்குட்பட்டதன்று என்னும் விடையோடு திரும்பி வருவான். அன்றைக் கூலியும் போய்விடும்.

இன்னும் நிறைவேறாதவை

குறைகள் சட்டத்திலும் உள. மூன்று அலகுக் குடும்பத்தில் வயதான தாய் தந்தையர்க்கு இடமில்லை. நம் நாட்டிலோ பெற்றோரைத் தாங்காத தொழிலாளர் குடும்பம் அரிது. அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவு வாழ்க்கைக் கூலியை நாட்டின் குறிக்கோளாக வைத்துள்ளது. நாம் இன்னும் கீழ்ப்படியிலேயே நின்று வாதாடிக்கொண்டிருக்கின்றோம்.

மாநிலங்களுக்கிடையேயுள்ள வேற்றுமை மற்றொரு குறை. எம்மாநிலமும் இதற்குக் கீழே செல்லவேண்டாம் என்று மத்திய சர்க்கார் 1996-இல் தேசிய அடித்தளக் கூலி ஒன்றை அறிவித்தது. நாளொன்றுக்கு 35 ரூபாய். 2017-இல் அது 176 ரூபாயாயிற்று. அதே ஆண்டில் மத்திய தொழில்களில் பெருக்குவோனுக்கு, மிகக் கீழான ஸி வட்டாரத்திலேயே, 350 ரூபாய் என்பதை மேலே கண்டோம். ஒரே சர்க்கார் தன் மதிலுக்குள்ளே 350 என்றும் மதிலுக்கு வெளியே 176 போதும் என்றும் சொன்னது. அவ்வடித்தளத்திற்குச் சட்ட வலிமையும் கிடையாது; அறிவுரையாகவே அது நின்றது. 2019-இல் அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் கமிட்டி, 2018-இன் விலைவாசிப்படி நாளொன்றுக்கு 375 ரூபாய் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. புதிய தொகுப்புச் சட்டம் அடித்தளக் கூலிக்குச் சட்ட வலிமை தந்துள்ளது. இனி எம்மாநிலமும் அதற்குக் கீழே விகிதம் வகுத்தலாகாது. உயர்ந்த விகிதம் ஏற்கெனவே உள்ள மாநிலம் அதனைத் தாழ்த்தவும் கூடாது. அவ்வடித்தளம் மனிதன் நிற்கத்தக்க உயரத்தில் அமைய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

கற்றோர் செய்யத்தக்கது

இக்கல்லூரியிற் பயின்றோர் பலர் இரயில்வேயிலும் துறைமுகத்திலும் பாங்கிகளிலும் அதிகாரிகளாயும் கணக்கர்களாயும் அமர்கின்றனர். காண்ட்ராக்டரின் பில் அவர்கள் மேசைக்கு வருகின்றது. இருபது ஆட்களின் பெயருக்கு நேரே தொகை எழுதியிருக்கும். சில வேளை இருபது கைந்நாட்டும் ஒரே விரலின் அடையாளம் போலத் தோன்றும். அதனைக் கையெழுத்திட்டு அனுப்புதல் எளிது. ஒரு நாள் மாலை வாசலில் நின்று, கையில் என்ன கிடைத்தது என்று நால்வரை வினவுதல் சற்றே கடினம். சட்டத்தின் உயிர் இக்கடினமான செயலிலேதான் உள்ளது.

மாணவர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. வேலையிடத்தில் கூலி விகிதத்தை அங்குள்ளோர் அறிந்த பாஷையில் எழுதித் தொங்கவிடுதல் முறை. இரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் வேளையில் அப்பலகையைத் தேடிப் பார்க்கலாம். இருக்குமாயின், பெருக்கிக்கொண்டிருக்கும் அம்மையாருக்கு அதனைப் படித்துக் காட்டலாம். இல்லையாயின், ஏன் இல்லை என்று நிலைய அதிகாரியை வணக்கத்தோடு கேட்கலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் விகிதம் மாறும் வழக்கம் உண்டென்பதையும், முறையிட வேண்டிய இடம் மத்தியத் தொழிலாளர் அதிகாரியின் ஆபீஸ் என்பதையும் சொல்லிவைத்தால், அவ்விரு செய்திகளும் பலருடைய வீட்டு உலையில் அரிசியாகும்.

மதிற்சுவருக்கு இப்பால் ஒரு கூலி, அப்பால் ஒரு கூலி என்னும் ஏற்பாடு நன்றோ தீதோ, அஃது உள்ளவரையில், தான் நிற்பது எப்பக்கம் என்று ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அவனுக்கு அறிவிக்கும் கடமை, எழுத்தறிந்த நம் அனைவரையும் சார்ந்ததாகும்.